பிஆர்பி ஊசி: முடிக்காகவும் முகத்துக்காகவும் வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் ஒரு தோல் மருத்துவமனையில் செவிலியர். ரத்தம் எடுப்பது, அதைச் சுழற்றிப் பிரிப்பது, டாக்டர் ஊசி போடும்போது பக்கத்தில் நிற்பது எல்லாம் என் வேலை. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வெளியே வந்து என்னிடம் கேட்கிறவர்கள் நிறைய பேர். வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். உங்கள் தலையையும் தோலையும் பார்த்துச் சொல்ல வேண்டியதை உங்கள் டாக்டர்தான் சொல்ல முடியும். அவர் அறைக்குள் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

“என் ரத்தத்தையே எடுத்து எனக்கே ஊசி போடுவாங்களாமே, நிஜமா சிஸ்டர்?”

நிஜம்தான். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதில் தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து, தலையிலோ முகத்திலோ தோலுக்குள் செலுத்துவதுதான் பிஆர்பி. பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா என்பதன் சுருக்கம் அது. பிளேட்லெட் என்றால் தட்டணு. பிளாஸ்மா என்பது ரத்த அணுக்கள் மிதக்கும் மஞ்சள் நிற நீர்.

அடிபட்டால் அந்த இடத்துக்கு முதலில் வந்து சேருவது தட்டணுக்கள்தான். அவை ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை உறைய வைக்கும். கூடவே, தங்களுக்குள் வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களை வெளியே விடும். புண் ஆறுவதையும் புது ரத்தக்குழாய்கள் உண்டாவதையும் இவை தூண்டும். அதே தூண்டுதலை முடிவேருக்கும் தோலுக்கும் கொடுத்துப் பார்ப்பதுதான் இந்தச் சிகிச்சை. தொடக்கத்தில் அழகுச் சிகிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1998-இல் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், எலும்பு ஒட்டும் இடத்தில் இதைப் பயன்படுத்தி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. அப்புறம் மூட்டு, தசைநார் என்று போய்த் தலைமுடிக்கு வந்தது.

“டெங்கு வந்தா பிளேட்லெட் குறையுதுன்னு பயப்படுறோமே. அதை எடுத்துட்டா எனக்குக் குறைஞ்சிடாதா?”

குறையாது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருப்பது இயல்பு. பெரியவர்கள் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நாங்கள் எடுப்பது பெரும்பாலும் 20 மில்லி, சில முறைகளில் 60 மில்லி வரை. ரத்த தானத்தில் கொடுப்பது 350 மில்லி. தட்டணுக்களின் ஆயுளே பத்து நாள்தான், எலும்பு மஜ்ஜை தினமும் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் டெங்குவில் இப்போதுதான் எழுந்தவராக இருந்தால் சொல்லிவிடுங்கள். தட்டணு எண்ணிக்கையைப் பார்க்காமல் பிஆர்பி போடக் கூடாது. ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் எங்கள் டாக்டர் போடுவதில்லை.

“ரத்தத்தை எடுத்துக்கிட்டு உள்ள போறீங்க. அங்க என்னதான் பண்றீங்க?”

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த குழாயில் எடுக்கிறோம். அதை சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் கருவியில் வைக்கிறோம். தயிர் கடைந்தால் வெண்ணெய் பிரிவது போல, சுழலும் வேகத்தில் கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவே மெல்லிய வெள்ளைப் படலம். சிவப்பை விட்டுவிட்டு மேலுள்ளதை வேறு குழாய்க்கு மாற்றி இன்னும் வேகமாகச் சுழற்றினால் தட்டணுக்கள் அடியில் சேரும். மேலே நிற்கும் தெளிந்த நீரை எடுத்துவிட்டு, அடியில் உள்ளதை மெதுவாகக் கலக்கினால் அதுதான் பிஆர்பி. 20 மில்லி ரத்தத்திலிருந்து கிடைப்பது பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிதான். ஒரே சுழற்சியில் பிரிக்கிற குழாய்களும் இருக்கின்றன.

எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூடினால் தட்டணுக்கள் உடைந்துவிடும், குறைந்தால் பிரியாது. கருவியின் சுழல்வட்டம் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து, அதே சுற்று எண்ணிக்கைக்கும் விசை மாறும். அதனால் ஒரு மருத்துவமனையின் பிஆர்பியும் இன்னொன்றின் பிஆர்பியும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. ஒரு நாள் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு குழாயிலும் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். சுழற்றி எடுத்தபோது எது யாருடையது என்று ஒரு நொடி எனக்கு நிச்சயமில்லை. இரண்டையும் கொட்டிவிட்டு, இரண்டு பேரிடமும் உண்மையைச் சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தேன். அன்றிலிருந்து பெயர், வயது, பதிவெண் மூன்றையும் எழுதி, ரத்தம் எடுத்ததும் ஒருமுறை, ஊசி போடும் முன் ஒருமுறை அவர்களையே படிக்கச் சொல்கிறேன். நீங்கள் எங்கே போனாலும் குழாயை வாங்கிப் படியுங்கள். படிக்க விடாத இடத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

“வழுக்கை விழுந்த இடத்துல மறுபடி முளைக்குமா?”

முடிவேர் உயிரோடு இருந்தால் உதவலாம். செத்துப்போயிருந்தால் முளைக்காது. ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி தெரிவதும், பெண்களுக்கு வகிடு அகலமாவதும் பெரும்பாலும் பரம்பரையாக வரும் முடியிழப்பு. இதில் முடி ஒரேயடியாக விழுவதில்லை. ஒவ்வொரு தடவை முளைக்கும்போதும் முன்பைவிட மெலிந்து, கடைசியில் பூனைமுடி போலாகி நின்றுவிடுகிறது. ஆண்களுக்கு இதைச் செய்வது டிஎச்டி என்ற ஹார்மோன்.

மெலிந்த முடி இன்னும் இருக்கிற இடத்தில்தான் பிஆர்பிக்கு வேலை. அங்கே முடி கொஞ்சம் தடிக்கலாம், கொட்டுவது குறையலாம். பல வருடமாகப் பளபளவென்று இருக்கும் தலையில் எத்தனை ஊசி போட்டாலும் பணம்தான் செலவாகும். அப்படிப்பட்டவர்களை எங்கள் டாக்டர் திருப்பி அனுப்பும்போது முகம் வாடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நாலு தடவை போட்டுவிட்டு வாடுவதைவிட அது நல்லது.

“குழந்தை பிறந்து மூணு மாசம், கொத்துக்கொத்தா கொட்டுது. உடனே போட்டுக்கட்டுமா?”

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பிரசவம், டெங்கு, டைபாய்டு, கோவிட், பெரிய அறுவை, கடுமையான பட்டினி டயட் எதுவானாலும், உடம்பு அதிர்ந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிந்து அவை விழுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால்தான் காய்ச்சல் வந்ததையே மறந்த பிறகு சீப்பு நிறைய முடி வருகிறது. வேர் பத்திரமாக இருப்பதால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கி, முடி தானாகத் திரும்பும்.

இந்தச் சமயத்தில் செலவு செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனைக்கு. ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, தேவைப்பட்டால் பி12, வைட்டமின் டி. நம் பெண்களுக்கு ரத்தசோகை அவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. இரும்புச்சத்து இல்லாத உடம்பில் பிஆர்பி போடுவது தண்ணீர் விடாத செடிக்கு உரம் போடுவது மாதிரி. என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் நான் கேட்பது இதுதான்: ஏன் கொட்டுகிறது என்று பார்த்தீர்களா?

“ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டினா சரி?”

நூறு வரை இயல்பு. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு அன்றைக்குக் கூடுதலாகத்தான் வரும்.

“புழுவெட்டுக்கு இது கேட்குமா?”

புழுவெட்டு வேறு நோய். காசு அளவில் வட்டமாக முடி போய்விடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது, புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிறு வட்டங்களுக்கு அந்த இடத்திலேயே போடும் ஸ்டீராய்டு ஊசிதான் முதலில். பிஆர்பியையும் சிலர் முயன்று பலன் கண்டிருக்கிறார்கள், ஆனால் அது முதல் வழி அல்ல. தாடியிலோ புருவத்திலோ வந்தாலும் இதே பதில்தான்.

“எத்தனை தடவை போடணும்? எப்பத்தான் தெரியும்?”

வழக்கமாக மாதத்துக்கு ஒன்றாக மூன்று அல்லது நான்கு தடவை. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சிலருக்கு வருடத்துக்கு ஒருமுறை. பரம்பரை முடியிழப்பு நிற்காமல் நடந்துகொண்டே இருப்பதால் ஒரே முறையோடு முடிகிற சிகிச்சை இதில் கிடையாது.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் மூன்று மாதத்துக்கு முன் கண்ணாடியில் தேடாதீர்கள். சிலருக்குக் கொட்டுவது குறைவது முதலில் தெரியும். அடர்த்தியைப் பார்க்க ஆறு மாதம் வேண்டும். முதல் நாளே, ஒரே வெளிச்சத்தில், ஒரே வகிட்டில் போட்டோ எடுத்து வையுங்கள். கண் நம்மை ஏமாற்றும்.

“பிஆர்பி போட்டா மினாக்சிடில் நிறுத்திடலாமா? தினமும் தடவ அலுப்பா இருக்கு.”

அலுப்பு புரிகிறது, ஆனாலும் நிறுத்தாதீர்கள். மினாக்சிடில் என்ற தடவும் மருந்து தலைமுடிக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1988-இல், ஆண்களுக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரை 1997-இல். இரண்டுக்கும் பின்னால் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. பிஆர்பிக்கு அந்த அளவு இல்லை. மருந்தோடு சேர்த்துப் போடும் துணையாகத்தான் எங்கள் டாக்டர் இதை வைத்திருக்கிறார். மினாக்சிடிலை நிறுத்தினால், அதனால் வந்த முடி சில மாதங்களில் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு, பிஆர்பி பலிக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு.

ஃபினாஸ்டரைடை டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது, வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கும்.

“ரொம்ப வலிக்குமா? சாப்பிட்டு வரணுமா, வெறும் வயித்துலயா?”

வலிக்கும். மரத்துப்போகும் களிம்போ ஊசியோ போடுகிறோம், அப்படியும் நெற்றியோரம் சுருக்கென்று இருக்கும். வெறும் வயிற்றோடு வராதீர்கள், மயக்கம் வரும். இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு வாருங்கள். முந்தைய வேளை பிரியாணி, பரோட்டா என்று எண்ணெயாகச் சாப்பிட்டால் பிளாஸ்மா பால் மாதிரி கலங்கி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அன்றைக்குத் தலைக்குக் குளிக்க வேண்டாம். ஓரிரு நாள் எண்ணெய், டை, ஹெல்மெட், கடும் வெயில் வேண்டாம். தலை கனமாக இருப்பதும் நெற்றி லேசாக வீங்குவதும் இரண்டு நாளில் சரியாகும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை தட்டணுக்களின் வேலையைத் தடுப்பதால், போடுவதற்கு ஒரு வாரம் முன்பும் போட்ட பிறகு ஒரு வாரமும் தவிர்க்கச் சொல்வது வழக்கம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தவே கூடாது. அதை எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

“முகத்துக்குப் போட்டா பத்து வயசு குறையும்னு விளம்பரத்துல சொல்றாங்களே?”

குறையாது. 2018-இல் சிகாகோ மருத்துவர்கள் செய்த ஒரு சிறு ஆய்வு இதற்கு நல்ல பதில். வெயிலால் முதிர்ந்த முகத்தில் ஒரு கன்னத்தில் பிஆர்பி, மறு கன்னத்தில் வெறும் உப்புநீர். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, போட்டுக்கொண்டவர்கள் பிஆர்பி பக்கம் தோல் நயமாக இருப்பதாகச் சொன்னார்கள். எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் மதிப்பிட்ட தோல் மருத்துவர்களுக்கோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு நுணுக்கமான மாற்றத்துக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். நம் வெயிலில் தினமும் சன்ஸ்கிரீன் போடுவது முகத்துக்கு இதைவிட அதிகம் செய்யும்.

முகத்தில் இதற்கு ஓரளவு நல்ல பெயர் உள்ள இடம் பருத் தழும்பு. நுண்ணூசிகளால் குத்திச் செய்யும் மைக்ரோநீட்லிங்கோடு சேர்த்தால், தனியாகச் செய்வதைவிட மேலாக இருப்பதாகப் பல சிறு ஆய்வுகள் சொல்கின்றன. பரு பழுத்து நிற்கும்போது செய்யக் கூடாது. தழும்பு புடைத்து வளரும் உடம்பு என்றால் முன்பே சொல்லுங்கள். நம் மாநிறத் தோலில் குத்திய இடம் கறுத்துப்போகும் வாய்ப்பும் உண்டு. மங்குக்கும் கருவளையத்துக்கும் சிலர் போடுகிறார்கள்; பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கண்ணைச் சுற்றியும் புருவ நடுவிலும் ஊசி ரத்தக்குழாய்க்குள் போய்ப் பார்வை பறிபோன அரிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்த இடத்தில் அனுபவமுள்ள டாக்டர் கை மட்டும்தான்.

“கல்யாணத்துக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. முகத்துக்குப் போட்டுடுங்க சிஸ்டர்.”

வேண்டாம்மா. சிவப்பு, வீக்கம், ரத்தக்கட்டு எல்லாம் சில நாள் இருக்கும். சிலருக்கு நிறம் மாறி வாரக்கணக்கில் நிற்கும். பலன் தெரியவோ மாதங்கள் ஆகும். புதிய எந்தச் சிகிச்சையையும் கல்யாணத்துக்கு முந்தைய வாரங்களில் தொடங்காதீர்கள்.

“பார்லர்ல பாதி விலைக்குச் செய்றாங்க. நம்ம ரத்தம்தானே, என்ன ஆகிடப் போகுது?”

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் நடந்ததைச் சொல்கிறேன். உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில் பிஆர்பி ஃபேஷியல் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்கு 2018-இல் எச்ஐவி இருப்பது தெரிந்தது. வேறு எந்த வழியிலும் வர வாய்ப்பில்லாதவர். சோதனைக்குப் போனவர்கள் கண்டது: சமையல் மேடையில் பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள், சாப்பாட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்த மருந்துகள், உறை பிரித்துக் கிடந்த சிரிஞ்சுகள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. அந்த நிலையத்துக்குப் போன மூன்று பெண்களுக்கு அங்கிருந்தே தொற்று வந்திருக்கலாம் என்று அது சொன்னது.

நம் ரத்தம்தான் என்பது, அது நம் ரத்தமாகவே திரும்பி வரும்வரை மட்டும்தான் உண்மை. குழாயைப் படியுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். சிரிஞ்சு, ஊசி, மைக்ரோநீட்லிங் முனை எல்லாம் உங்கள் கண்முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும். போடுகிறவர் தோல் மருத்துவம் படித்தவரா என்று கேளுங்கள். மருத்துவ கவுன்சில் பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

“என் பொண்ணுக்கு இருபது வயசு, நல்ல ரத்தம். அவ ரத்தத்துல எடுத்து எனக்குப் போட முடியுமா?”

இப்படிக் கேட்கிற அம்மாக்கள் பலர். முடியாது. இந்தச் சிகிச்சையின் பாதுகாப்பே சொந்த ரத்தம் என்பதில்தான் இருக்கிறது. அடுத்தவர் ரத்தம் என்றால் மகளாக இருந்தாலும் தொற்று, ஒவ்வாமை எல்லாம் கணக்கில் வந்துவிடும். உங்கள் தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தால் உங்களுடையதே போதும்.

“யாரெல்லாம் போட்டுக்கவே கூடாது?”

தட்டணு குறைந்தவர்கள் அல்லது தட்டணுக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர்கள், காய்ச்சலோ போடும் இடத்தில் சீழோ உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கருவுற்றவர்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் போடலாம், கட்டுக்குள் இல்லாவிட்டால் முதலில் அதைப் பாருங்கள். புகைப்பவர்களுக்குப் பலன் குறையலாம். மஞ்சள் காமாலை, எச்ஐவி பரிசோதனை செய்யச் சொன்னால் சங்கடப்படாதீர்கள். எல்லோருக்கும் செய்கிறோம்.

“இப்ப ஜிஎஃப்சி, எக்ஸோசோம்னு புதுசா சொல்றாங்க. அது இதைவிட நல்லதா?”

ஜிஎஃப்சியும் உங்கள் ரத்தம்தான். குழாயிலேயே தட்டணுக்களைத் தூண்டி வளர்ச்சிக் காரணிகளை வெளியே விடவைத்து, அணுக்களை நீக்கிவிட்டு அந்தத் திரவத்தை மட்டும் போடுகிறார்கள். வலி கொஞ்சம் குறைவு, விலை கூடுதல். நன்றாகத் தயாரித்த பிஆர்பியைவிட மேல் என்று நம்பிச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் இல்லை.

எக்ஸோசோம் வேறு. உயிரணுக்கள் வெளியே விடும் நுண்ணிய பைகளுக்குத்தான் அந்தப் பெயர். அது உங்கள் ரத்தமே இல்லை, பெரும்பாலும் வேறு உயிரணுக்களிலிருந்து எடுத்துப் பாட்டிலில் வருவது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எந்த எக்ஸோசோம் மருந்தையும் அங்கீகரிக்கவில்லை என்று 2019-இல் பொதுமக்களை எச்சரித்தது. மகள் ரத்தத்தைக் கேட்ட அம்மாக்களுக்கு மேலே சொன்னதுதான் இதற்கும்.

“சுத்தி வளைக்காம சொல்லுங்க, இது நிரூபிச்சதா இல்லையா?”

பரம்பரை முடியிழப்பின் ஆரம்ப நிலையில் அடர்த்தி கூடுவதாகப் பல சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டு வித்தியாசம் இல்லை என்ற ஆய்வுகளும் இருக்கின்றன. ஆளுக்கொரு முறையில் தயாரிப்பதால் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பதே கடினம். அமெரிக்காவில் பிஆர்பி பிரிக்கும் கருவிகளுக்குத்தான் அனுமதி, அதுவும் பெரும்பாலும் எலும்பு ஒட்டு வேலைக்கு. முடிக்கும் முகத்துக்கும் போடுவது டாக்டரின் முடிவு. என் கண்ணால் பார்த்ததில், சீக்கிரம் வந்து மருந்தையும் விடாமல் போட்டவர்கள் பலர் திருப்தியாக இருக்கிறார்கள். அதில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு ஊசியால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

“மூணு தடவை போட்டாச்சு, ஒண்ணும் தெரியல. நாலாவதும் போடட்டுமா, விட்டுடட்டுமா?”

முதல் நாள் போட்டோவோடு டாக்டரிடம் போங்கள். பலருக்கு முடி கூடியிருக்காது, ஆனால் குறைந்துகொண்டே வந்தது நின்றிருக்கும். அதுவும் பலன்தான், தொடரலாமா என்று யோசிக்கலாம்.

போட்டோவிலும் குறைந்திருந்தால் நாலாவது ஊசிக்கு முன், ஏன் கொட்டுகிறது என்று நான் முதலில் கேட்கும் கேள்விக்குத் திரும்புங்கள். நோய் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டதா, தைராய்டு, ஃபெரிட்டின் பார்த்தார்களா, மினாக்சிடில் இடையில் விட்டுப்போனதா, தட்டணு எண்ணிக்கை பார்த்தார்களா? எல்லாம் சரியாக இருந்தும் ஆறு மாதத்தில் மாற்றமில்லை என்றால் உங்கள் தலை இதற்கு இசையவில்லை. மொத்தப் பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டியிருந்தால் மீதியைத் திருப்பிக் கேளுங்கள். இதனால்தான், ஒவ்வொரு தடவைக்கும் தனியாகப் பணம் கட்டுங்கள் என்று வருகிறவர்களிடம் ரகசியமாகச் சொல்லி அனுப்புகிறேன்.